ஜெனவீவ் பேரில் இருந்த பணம்

“எந்தப் பிள்ளைக்கு டீச்சர்?” என்று கேட்டார் தர்மலிங்கம்.

சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். தோட்டத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவ நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு கல்வி நிதி வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் செயலாளர். நல்ல மனிதர் என்று பெயர். வந்தவளுக்குக் குளிர்ந்த சோயாப்பால் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“பிள்ளைக்கு இல்லைங்க. எனக்கு” என்றாள் அகத்தா.

“உங்களுக்கா?”

“பினாங்கு யுனிவர்சிட்டியில பகுதி நேரமாப் படிக்கிறேன். தபால்ல பாடம் வரும். ரெண்டாம் வருசத்துக்குக் கட்டணும்.”

தர்மலிங்கம் சிரித்தார். கிண்டல் செய்யும் சிரிப்பு அல்ல அது. என்ன சொல்வதென்று தெரியாதவரின் சிரிப்பு. “வீட்டுக்காரர் என்ன பண்றாரு?”

“புக்கிட் செலம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஆபீஸ்ல கிராணி.”

“பிள்ளைங்க?”

“ஒண்ணு. பதினொரு வயசு.”

ஒன்று என்று சொல்லப் பழகிவிட்டாள். இரண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் மாறும். பிறகு அந்த முகத்துக்கு இவள் ஆறுதல் சொல்லவேண்டியிருக்கும்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இது பிள்ளைங்களுக்குன்னு வச்ச காசு லா. உங்க மக பெரிசாகி யுனிவர்சிட்டிக்குப் போகட்டும், அப்ப வாங்க. நானே முன்னால நின்னு கையெழுத்துப் போடுறேன்.”

நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். அவமானமாக இருக்கவேண்டிய இடம் இது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒன்றும் வரவில்லை. படிக்கட்டின் கைப்பிடியில் யாரோ ஒட்டிவைத்திருந்த சுவிங்கம் விரலில் இழுத்துக்கொண்டது. அதைத் துடைத்தபடியே பஸ் நிலையம் வரைக்கும் நடந்தாள்.

இப்படி அவள் ஏறி இறங்கிய படிகள் பல. அரசாங்கத்தில் கேட்டபோது, சேவையில் இருப்பவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு, ஆனால் உங்கள் வயது தாண்டிவிட்டது என்றார்கள். அவளுக்கு முப்பத்து மூன்று. கோலாலம்பூரில் ஒரு மன்றத்துக்கு எழுதிக் கேட்டாள். பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று ஒரு போரம் வந்தது. பங்குக் கோவிலின் உதவிச் சங்கத்தில் ஒரு பெரியவர் கவலையோடு கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து அவள் கணவன் எர்னஸ்டின் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார். எர்னஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடுவரைக்கும் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அகத்தாவுக்குப் பல்கலைக்கழகம் புதிதல்ல. அறுபத்தெட்டில் கோலாலம்பூருக்குப் போனவள் அவள். அந்தத் தோட்டத்திலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. ஒரே வருசம்தான். அவளுடைய அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை; குடியுரிமை கிடையாது. வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது பால்மரம் வெட்டுபவர்களை மேற்பார்வையிடும் அவருடைய மண்டோர் வேலை போயிற்று. அம்மாவையும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். அகத்தா மட்டும் இங்கேயே நின்றுவிட்டாள். எர்னஸ்டைக் கல்யாணம் செய்துகொண்டாள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள், பிறகு பயிற்சி முடித்து நிரந்தரமானாள். எழுபதில் ஜோசபின் பிறந்தாள். எழுபத்திரண்டில் ஜெனவீவ்.

பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமாம் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் தலைமையாசிரியர் பரஞ்சோதி. எழுபத்தொன்பது கடைசியில், குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பியது. “அம்மாவும் ஸ்கூலுக்குப் போறாங்க” என்று ஜெனவீவ் கத்திக்கொண்டு குதித்தாள். தபால்தலையை நாக்கில் தடவி ஒட்டியதும் அவள்தான், கோணலாக ஒட்டினாள்.

அடுத்த பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். எட்டு வயது முடிந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப்போய், வீட்டில் மூன்று தட்டு மட்டும் கழுவும் நிலை வந்த பிறகு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. வேண்டாம் என்றால் காரணம் எழுதவேண்டும். சரி என்றால் கையெழுத்துப் போட்டால் போதும். அகத்தா கையெழுத்துப் போட்டாள்.

அப்படித்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள். இதில் ஆசையும் இல்லை, வைராக்கியமும் இல்லை. பொட்டலம் பொட்டலமாகப் பாடங்கள் வந்தன. கூடவே விரிவுரைகள் பதிந்த கேசட்டுகள். பொருளாதாரம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் யாரும் சாவதில்லை. விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும். அதைப் படிக்கும்போது மட்டும் மணி நகர்ந்தது. மற்ற நேரத்தில் அவள் சோறு வடித்தாள், பள்ளிக்குப் போனாள், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், பூசைக்குப் போனாள். யாராவது தூரத்தில் நின்று பார்த்தால், அகத்தா டீச்சர் தேறிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

முதல் வருசக் கட்டணத்துக்குச் சங்கிலியை விற்றாள். அது போனதும் தெரியவில்லை. கழுத்து கொஞ்சம் லேசானது, அவ்வளவுதான். இரண்டாம் வருசத்துக்கு விற்க ஒன்றும் இல்லை.

பணம் இல்லாமலும் இல்லை. அதுதான் விசயம். தோட்ட ஊழியர்களுக்கென்று சுங்கைப்பட்டாணியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக, பிள்ளை பேரிலேயே மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்துவைக்கலாம். எர்னஸ்ட் இரண்டு மகள்களுக்கும் பிறந்த மாதத்திலிருந்தே கட்டிவந்தான். ஜெனவீவ் போன பிறகும் அந்தப் பிடித்தம் நிற்கவில்லை. சம்பளச் சீட்டை அவன் மறைத்துவைத்ததில்லை. வழக்கம்போல மேசைமேல்தான் வைப்பான். அகத்தா பார்ப்பாள். அவள் பார்ப்பது அவனுக்கும் தெரியும். அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் அவள் ஊரெல்லாம் படி ஏறினாள் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். பேச்சில் மட்டும் அது வந்ததில்லை.

பேச்சில் கொண்டுவந்தவள் ஜோசபின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து பசியாறிக்கொண்டிருந்தார்கள். தர்மலிங்கத்திடம் போய்வந்த கதையை அகத்தா இரண்டு வரியில் சொல்லி முடித்தாள். எர்னஸ்ட் தலையை ஆட்டிக்கொண்டு தோசையைப் பிய்த்தான்.

“ஜென் காசு இருக்குல்ல?” என்றாள் ஜோசபின்.

எர்னஸ்ட் சட்னியை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

“அதுவும் படிப்புக் காசுதானே பா? அவ படிக்கப் போறதில்ல. அம்மா படிக்கட்டுமே.”

அகத்தா தன் கையைப் பார்த்தாள். அறையப்போகிறோமோ என்று நினைத்தாள். கை அசையாமல் தட்டின் பக்கத்திலேயே கிடந்தது. சட்னி கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, நாளைக்குக் கடலை கூடப் போடவேண்டும் என்ற எண்ணம்தான் ஓடியது.

எர்னஸ்ட் எழுந்து கை கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனான். அது செம்மண் சாலையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் சத்தம் தேயும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோசபின் தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

“நான் தப்பாச் சொல்லிட்டேனா மா?”

“தெரியல” என்றாள் அகத்தா. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு எர்னஸ்ட் திரும்பிவந்தான். எங்கே போனான் என்று அவள் கேட்கவில்லை. முட்டியில் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. கல்லறைக்குத்தான் போயிருப்பான்.

“வியாழக்கிழமை லீவு கேட்டிருக்கேன். நீயும் போடு” என்றான்.

கூட்டுறவுச் சங்கத்தில் அன்று கூட்டம் இல்லை. முகப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் பிரேமாவதி. எர்னஸ்டைத் தெரிந்தவள், தோட்டக் கணக்கு விசயமாக அடிக்கடி போனில் பேசுகிறவள்.

“வாங்க சார், என்னா விசயம்? டீச்சரும் வந்திருக்கீங்க.”

“ஒரு கணக்கை முடிக்கணும்” என்றான் எர்னஸ்ட்.

“யாரோடது?”

“சின்ன மகளோடது.”

“ஏன் சார் முடிக்கிறீங்க? பதினெட்டு வயசு வரைக்கும் விட்டு வைங்க, வட்டி நல்லா வரும் லா.”

எர்னஸ்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தான். அதை மறுபடி எடுத்துப் பைக்குள் செருகினான். அகத்தா பக்கத்தில் நின்றாள். இவர் சொல்லவில்லையென்றால் நான் சொல்லவேண்டியிருக்கும், என்ன வார்த்தையில் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தாள். யாரோ மூன்றாவது மனிதரின் விசயம் போல இருந்தது.

“செத்துப்போச்சு” என்றான் எர்னஸ்ட். “போன வருசமே. பிள்ளை செத்துப்போச்சு.”

தவறிவிட்டாள், ஆண்டவரிடம் போய்விட்டாள் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறாள். இந்தச் சொல்லை அவன் வாயில் அகத்தா கேட்டது அன்றுதான்.

பிரேமாவதி எழுந்தாள். அலமாரியிலிருந்து தாளை எடுத்துவந்தாள். மரணச் சான்றிதழைக் கேட்டாள், வாங்கினாள், எழுதவேண்டியதை எழுதினாள். நடுவில் பேனாவை நிறுத்தினாள்.

“எதுக்காக எடுக்கிறீங்கன்னு போடணும் சார். மன்னிச்சுக்குங்க, இந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாது.”

“படிப்புக்கு.”

“யாரு படிப்புக்கு?”

எர்னஸ்ட் பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு, “அவங்க அம்மா படிப்புக்கு” என்றான்.

பிரேமாவதி மலாய் மொழியில் ‘பெலாஜாரான் இபு’ என்று எழுதினாள். தாயின் கல்வி. எழுதிவிட்டு மை காயும்வரை ஊதினாள்.

வெளியே வந்ததும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள். பணம் அகத்தாவின் கைப்பையில் இருந்தது. பையை மடியில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

“நிறுத்தணும்னுதான் நெனச்சேன். மாசாமாசம் நெனச்சேன்” என்றான் எர்னஸ்ட் திடீரென்று. “ஆனா நிறுத்தணும்னா ஆபீஸ்ல காரணம் எழுதணும். அந்த ஆபீஸ்ல காரணம் எழுதுற ஆளே நான்தான். துரைக்கு எழுதணும், சங்கத்துக்கு எழுதணும். என்னால ஆகல அகத்தா.”

“எனக்குத் தெரியுங்க.”

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீங்க நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு.”

எர்னஸ்ட் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டான். தட்டில் ஒரு இழை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அவள் தன்னுடையதில் பாதியை அவன் தட்டுக்குத் தள்ளினாள். அதையும் சாப்பிட்டான்.

அந்தப் பணம் அடுத்து வந்த வருசங்களின் கட்டணத்தைத் தாங்கியது. ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் அகத்தா பினாங்குக்குப் போய் மூன்று வாரம் தங்கி வகுப்புகளில் உட்கார்ந்தாள். பரீட்சை எழுதினாள். பெரிய மார்க்குகள் இல்லை, தோல்வியும் இல்லை. ஜெனவீவின் காசில் படிக்கிறோமே என்று ஒருமுறையாவது தேர்வு மண்டபத்தில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கேள்வித்தாளைத் திருப்பினாள், எழுதினாள், மணி அடித்ததும் விடைத்தாளைக் கட்டிக் கொடுத்தாள்.

கடைசி வருசத்தை வளாகத்திலேயே தங்கி முழுநேரமாகப் படிக்கவேண்டும் என்பது விதி. எண்பத்தைந்தில் அரைச் சம்பள விடுப்பு கிடைத்தது. மிச்சமிருந்த பணத்தை விடுதிக்குக் கட்டிவிட்டு, எர்னஸ்டையும் பதினைந்து வயது மகளையும் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போனாள். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவாள். துணிகளைத் துவைத்துப்போட்டு, ஒரு வாரத்துக்கு மிளகாய்த்தூள் இடித்துவைத்துவிட்டுத் திரும்புவாள்.

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். விடுதிக் காவலாளி வந்து, உங்களைப் பார்க்க ஒரு பொண்ணு வந்திருக்கு என்றார். கீழே இறங்கிப் பார்த்தால் ஜோசபின் நிற்கிறாள். பள்ளிக்கூடக் காலணி, வெளியே போட்டுப்போகும் பாவாடை, கையில் ஒன்றுமில்லை.

“அப்பா எங்க?”

“வீட்ல. டியூசன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“தனியாவா வந்தே? எப்படி வந்தே?”

“பஸ்ஸு. அப்புறம் கடல் தாண்ட பெரி. அப்புறம் இன்னொரு பஸ்ஸு.”

“சாப்ட்டியா?”

“அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும்” என்றாள் ஜோசபின். அவளுக்கு மூச்சு வாங்கியது. “எனக்கு உங்க மேல கோவம். அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டுப் போயிடுவேன்.”

விடுதிக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தையொட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அகத்தா அங்கே போய் உட்கார்ந்தாள். மகள் உட்காரவில்லை.

“நான் இங்க வந்து தங்கினதுக்கா கோவம்?”

“இங்க வந்ததுக்கு இல்ல மா. வீட்ல இருந்தப்பவே நீங்க இல்ல. சோறு போட்டீங்க, சட்டை தேச்சீங்க, எல்லாம் பண்ணீங்க. ஆனா நீங்க இல்ல. ஜென் போனதும் நீங்களும் போயிட்டீங்க. அப்ப எனக்குப் பத்து வயசு.”

அகத்தா பெஞ்சில் கிடந்த ஒரு காய்ந்த இலையைத் தட்டிவிட்டாள்.

“அந்தக் காசைப் பத்திச் சொன்னது நான்தானே? நான் சொன்னதாலதான் அப்பா போய் எடுத்தாரு. ஜென்கிட்ட இருந்து நான் பிடுங்கிக் கொடுத்த மாதிரி இருக்கும் மா எனக்கு. ஒவ்வொரு பரீட்சைக்கும் அம்மா பாஸ் பண்ணணும், பெயில் ஆனா அது என் தப்புன்னு வேண்டிக்கிட்டேன். எத்தனை வருசம் தெரியுமா? தப்பாச் சொல்லிட்டேனான்னு அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேன். தெரியலன்னு சொன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க.”

சொல்லி முடித்ததும் ஜோசபினுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடிக்கொள்ளாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை போல நின்று அழுதாள்.

அகத்தாவுக்கு நெஞ்செலும்புக்குக் கீழே ஏதோ இறுகியது. காலையில் வெறும் வயிற்றில் குடித்த காப்பியோ என்று முதலில் நினைத்தாள். அது விடவில்லை. மேலே ஏறித் தொண்டையில் வந்து நின்றது. வலித்தது. இது வலி என்று அவளுக்குப் புரியவே கொஞ்சம் நேரமானது. மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நகங்கள் எல்லாம் சதைவரைக்கும் கடிபட்டிருந்தன. எப்போதிருந்து இந்தப் பழக்கம்? தெரியவில்லை.

“உன் தப்பு இல்ல” என்றாள். “நீ சொன்னதுதான் சரி. எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல, நீ சொன்னே. அன்னிக்கே நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“அப்ப எனக்கு எதுவுமே உள்ள போகல ஜோசபின். உன்னையும் சேர்த்துத்தான்.”

இதைக் கேட்டு மகள் இன்னும் அதிகமாக அழுதாள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

பொதுத் தொலைபேசியில் சில்லறை போட்டுத் தோட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள் அகத்தா. சனிக்கிழமை அரைநாள், எர்னஸ்ட் இன்னும் மேசையில்தான் இருந்தான்.

“ஜோசபின் இங்க இருக்கா.”

“அங்கயா? டியூசன்னு...”

“பஸ் ஏறி வந்துட்டா. இன்னிக்கு என்னோட தங்கட்டும். நாளைக்கு நானே கூட்டிட்டு வர்றேன்.”

“திங்கக்கிழமை உனக்கு ஏதோ டெஸ்ட்டுன்னியே?”

“இருக்கட்டும்ங்க.”

அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. சரி என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை டெஸ்டில் அவள் மோசமாகத்தான் எழுதினாள். இருந்தாலும் அடுத்த ஆண்டு பட்டம் கிடைத்தது; சாதாரணத் தகுதிதான். பட்டமளிப்பு விழாவுக்கு எர்னஸ்ட் கடன் வாங்கிய டையோடு வந்தான். அதற்குப் பிறகு அலோர் ஸ்டாரில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் வேலை மாற்றம் வந்தது. மெர்கோங்கில் வீடு எடுத்தார்கள். எர்னஸ்ட் தோட்டத்தை விட்டு ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கெழுதப் போனான். ஜோசபின் அந்த வருசம் மூன்றாம் படிவ எஸ்.ஆர்.பி. தேர்வில் கணக்கைக் கோட்டை விட்டாள், பிறகு சமாளித்துக்கொண்டாள். அகத்தா பழையபடி ஆகிவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் உறைக்காத காலங்கள் பிறகும் வந்தன. ஆனால் வந்தால், அது வந்திருக்கிறது என்று வீட்டில் சொல்லத் தொடங்கினாள்.

ஜோசபின் விடுதிக்குத் தனியாக வந்த மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, தாயும் மகளும் பட்டர்வொர்த்துக்குப் பெரி ஏறினார்கள். கூட்டம் அதிகம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுக்கடலில், கப்பல் ஒன்று கடந்துபோனதில் பெரி லேசாக ஆடியது. அப்போதுதான் அகத்தாவுக்கு உறைத்தது: இந்தப் பிள்ளை நேற்று இதே தண்ணீரைத் தனியாகத் தாண்டி வந்திருக்கிறாள். பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் தனியாக நின்றிருக்கிறாள். யாருக்கும் தெரியாது. ஏதாவது ஆகியிருந்தால் டியூசன் முடியும் நேரம்வரை யாரும் தேடியிருக்கக்கூட மாட்டார்கள். கம்பியை விட்டு மகளின் பக்கம் திரும்பினாள்.

“யாரைக் கேட்டுக்கிட்டு வந்தே நீ?” என்றாள் சத்தமாக. “எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு? வழியில ஏதாச்சும் ஆகியிருந்தா? பொய் சொல்லிட்டு பஸ் ஏறுவியா? அறிவு இருக்கா உனக்கு, ஆங்?”

மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அகத்தா நிறுத்தவில்லை. ஆறு வருசத்தில் வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்கு அவளுடைய குரல் உயர்ந்துகொண்டே போனது.

“கத்தாதீங்க மா” என்றாள் ஜோசபின், அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. “எல்லாரும் பாக்குறாங்க.”